லீவு கேட்கப் பயந்த மேனேஜர்

ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் அவரை மேனேஜர் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை என்னவோ பியூன் வேலைதான். பட்டம் வாங்கிக் கொடுத்தது அவருடைய மீசை.

மேலதிகாரியைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் ஆட்களின் பயத்தைத் தெளியவைப்பது எப்படி என்பதுதான் பேராசிரியரின் மனோதத்துவ ஆராய்ச்சி. வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டால் ஒரு பெரிய அறை தெரியும், மேஜைக்குப் பின்னால் ஒரு சிடுமூஞ்சி அதிகாரி தெரிவார். என்ன கேட்டாலும் "முடியாது. நீங்க போகலாம்" என்பார். கேட்டுக் கேட்டுப் பழகினால் பயம் போய்விடுமாம். அந்த அதிகாரிக்கு முகம் தேடியபோதுதான் டீ கொண்டுவந்த மேனேஜரின் மீசை பேராசிரியர் கண்ணில் பட்டது. பிடித்து உட்காரவைத்துப் படமெடுத்து, குரலையும் பதிந்துகொண்டார்கள். அந்த "முடியாது" சரியாக வருவதற்குள் பகல் முழுக்கப் போய்விட்டது. மனிதர் ஆயுளில் அதுவரை சொல்லாத வார்த்தை அது.

சோதனைக்கு வருபவர்கள் கண்ணாடியைக் கழற்றியதும், அதே முகம், மேஜை துடைக்கிற துணியோடு எதிரே நிற்பதைப் பார்த்து அலறுவார்கள். மேனேஜருக்கு உள்ளூரப் பெருமை தாங்காது.

ஆனால் அந்தப் பெருமையெல்லாம் பேராசிரியரின் அறை வாசல்வரைதான். வெளியூரில் மகளுக்குத் தலைப்பிரசவம். மனைவி முன்னாலேயே போய்விட்டாள். இவருக்கு ஒரு வாரம் லீவு வேண்டும். கேட்கலாமென்று உள்ளே போனால் "டீ கொண்டு வரட்டுமா சார்?" என்றுதான் வாய் கேட்கிறது.

"ஏங்க, கேட்டீங்களா இல்லையா?" என்றாள் மனைவி போனில்.

"சார் பிஸியா இருக்காரு..."

"ஊரே உங்களைப் பாத்து நடுங்குதுன்னு பீத்திக்கிட்டீங்களே! நாளைக்கு ஆஸ்பத்திரில சேக்கறோம். அப்பா வரலையா, அப்பா வரலையான்னு பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கா."

அது உறைத்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் கூடம் காலியானதும் கண்ணாடியை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டார். மேஜைக்குப் பின்னால் அவரே உட்கார்ந்திருந்தார்.

"சார்... லீவு..."

"முடியாது. நீங்க போகலாம்."

குப்பென்று வியர்த்தது. சொந்த மீசைக்கே பயந்த மனிதர் உலகத்தில் வேறு யார் இருப்பார்! மறுபடி கேட்டார், மறுபடியும் கேட்டார். கடைசியில் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"யோவ், உனக்கும் ஒரு பொண்ணு இருக்கால்ல!"

சூடு ஆறுவதற்குள் பேராசிரியரின் அறைக்குள் நுழைந்து, "பொண்ணுக்குப் பிரசவம் சார். ஒரு வாரம் லீவு வேணும்" என்று கேட்டேவிட்டார். கண்ணாடி மாட்டிப் பழகிய கதையையும் ஒப்பித்தார்.

பேராசிரியர் துள்ளி எழுந்தார். "பலிச்சிடுச்சு! நம்ம ஆராய்ச்சி பலிச்சிடுச்சு!" மாணவர்கள் ஓடிவந்தார்கள், கேமரா வந்தது. "இன்னொரு தடவை கேளுங்க மேனேஜர், முகத்தைக் கொஞ்சம் தூக்கி." கேட்டார். கைதட்டினார்கள். வெளிச்சம் போதவில்லையென்று திரும்பவும் கேட்கச் சொன்னார்கள்.

"லீவு, சார்?"

"அதை அப்புறம் பாக்கலாம். நாளைக்குப் பெரிய இடத்து ஆளுங்க வர்றாங்க. அவங்க முன்னாடி இதே மாதிரி கேட்டுக் காட்டணும், சரியா?"

மேனேஜர் தோளிலிருந்த துணியை மடித்து மேஜைமேல் வைத்தார்.

"முடியாது. நீங்க போகலாம்."

பேராசிரியர் மளமளவென்று வெளியே போய்விட்டார். அது தன்னுடைய அறை என்பது வராந்தாவில் அவருக்கு ஞாபகம் வந்தபோது, மேனேஜர் அவரைத் தாண்டி பஸ் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தார்.