அருவிக்கு ஒரு பாஸ்வேர்டு

தென்காசியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பர்சானாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதிலும், இலவசம் என்று கண்டதையும் டவுன்லோடு செய்து வினையை விலைக்கு வாங்குகிறவர்களைக் கண்டால் ஆகவே ஆகாது.

ஐந்தருவிப் பக்கம் லாட்ஜ் நடத்தும் பால்வண்ணநாதன் அப்படி ஒருவர். அவருடைய வெப்சைட்டைத் திறந்தால் ஏதோ சீட்டாட்டத் தளம் வந்து நின்றது. ஓசியில் கிடைத்த திருட்டு டிசைன்தான் காரணம். பர்சானா அதைத் தூக்கி எறிந்தாள். அவருக்கே தெரியாமல் உள்ளே குடியிருந்த இரண்டு அட்மின்களை விரட்டினாள். பாஸ்வேர்டு அத்தனையும் மாற்றினாள்.

"அப்படியே முகப்புல 'இன்னைக்கு அருவி நிலவரம்'னு ஒரு கட்டம் போடும்மா. போன் பண்ணுதவன் எல்லாம் அதைத்தான் கேக்கான். எப்பவும் 'தண்ணி கொட்டுது'ன்னே வரணும்," என்றார்.

"பொய் சொல்லுததுக்கு நான் கட்டம் போட மாட்டேன் அண்ணாச்சி."

ஆனாலும் போட்டுக் கொடுத்தாள். அந்தக் கட்டத்துக்கான பாஸ்வேர்டை மட்டும், தினமும் காலையில் அருவிப் பக்கம் நடக்கப் போகும் அவர் மனைவி யோகலட்சுமி மதினியிடம் கொடுத்தாள்.

சித்திரை மாதத்தில் ஒருநாள் பால்வண்ணநாதன் போனில் அலறினார்.

"ஏம்மா, மறுபடியும் வைரஸ் வந்துட்டு! 'இன்று வெறும் பாறைதான், வராதீங்க'ன்னு காட்டுது. அழிச்சு அழிச்சுப் பாக்கேன், போக மாட்டேங்கு!"

"அது வைரஸ் இல்ல அண்ணாச்சி, மதினி," என்றாள் பர்சானா. "அதை என்னால எடுக்க முடியாது."