இருபத்திரண்டு பேரும் காலையில்

டயாலிசிஸ் மையத்தின் முன்மேசையில் இருப்பவரை எல்லோரும் ‘லிஸ்ட் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவர், முப்பத்தெட்டு வயதில் இங்கே சேர்ந்தார். யார் எப்போது வர வேண்டும் என்று ஆளாளுக்குப் போன் செய்து தொண்டை வற்றிப்போன பிறகு, வீடியோ பார்த்து முட்டி மோதி பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைக் கற்றுக்கொண்டார்.

மையத்தில் பதினொரு இயந்திரங்கள், இருபத்திரண்டு நோயாளிகள். பாதிப் பேர் காலையில், பாதிப் பேர் மாலையில். மாதம் ஒருமுறை இரு பிரிவும் வேளை மாறும். இதுவரை கையால் திருத்திய அக்கா, அந்தச் சனிக்கிழமை முதல்முறையாக நிரலை நம்பினார். இரண்டே கட்டளை. பட்டியலில் ‘காலை’ என்று இருப்பதையெல்லாம் ‘மாலை’ ஆக்கு. பிறகு ‘மாலை’ என்று இருப்பதையெல்லாம் ‘காலை’ ஆக்கு. பழைய கோப்பின் மேலேயே சேமித்து, அச்செடுத்துத் தலைமை நர்ஸிடம் நீட்டினார்.

“என்னக்கா, இருபத்திரண்டு பேரும் காலையிலயா? மீதிப் பேரை மடியில உக்கார வெக்கட்டுமா?”

அக்கா தாளைப் பிடுங்கிப் பார்த்தார். முதல் கட்டளை எல்லோரையும் மாலைக்குத் தள்ள, இரண்டாவது அத்தனை பேரையும் காலைக்கு இழுத்துவிட்டது. யார் எந்த வேளை என்பதே இப்போது பட்டியலில் இல்லை. மணி மூன்றரை. நான்கு மணிக்கு இந்தக் கோப்பிலிருந்து நோயாளிகளுக்குக் குறுஞ்செய்திகள் தானாகவே கிளம்பிவிடும். நிறுத்தினால் திங்கட்கிழமை வருகிறவர்களுக்குத் தகவல் போகாது. வந்தவர் இடமில்லாமல் திரும்பினால், அன்று அவருக்கு ரத்தம் சுத்தமாகாது. மூச்சுத் திணறலில் போய் நிற்கும்.

ஒரு தாளை இழுத்து எழுத ஆரம்பித்தார். தையல்காரர் காலை, இந்த மாதம் கடையை மதியம்தான் திறக்கிறார். பள்ளி ஆசிரியை மாலை. முகங்களை ஒவ்வொன்றாக நினைத்து இருபத்தொரு பேரை எழுதிவிட்டார். போன வாரம் புதிதாகச் சேர்ந்த கடிகாரம் பழுதுபார்ப்பவர் மட்டும் நினைவுக்கு வரவில்லை. காலையில் பதினொன்று, மாலையில் பத்து என்று நின்றதால் அவர் மாலையாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் ஊகத்தில் விட மனமில்லாமல் போன் போட்டார்.

“சார், இப்ப நீங்க வர்றது காலையிலயா, சாயங்காலமா?”

“சாயங்காலம்மா. ஏன், கம்ப்யூட்டர் மறந்துபோச்சா?”

“அது மேல தப்பில்ல சார். நான்தான் அவசரக் குடுக்கை.”

கோப்பில் பழைய வேளைகளைத் திரும்ப ஏற்றிவிட்டு, நிரலை மாற்றி எழுதினார். ஒவ்வொருவரையும் ஒரே ஒரு தடவை பார். காலை என்றால் மாலை, இல்லையென்றால் காலை. விடையை வேறு பெயரில் சேமி. குறுஞ்செய்திக்கு அந்தப் புதுக் கோப்பையே காட்டிவிட்டு, மறுபடி அச்செடுத்தார்.

நர்ஸ் புதுத் தாளில் விரல் வைத்து எண்ணினார். “பதினொண்ணு... பதினொண்ணு. இப்பதாங்க்கா எனக்கு உசுரே வந்துச்சு.”

“எனக்கு இன்னும் வரல. நாலு அடிக்கட்டும்.”

நான்கு அடித்தது. செய்திகள் போயின. ஐந்து நிமிடத்தில் கடிகாரக்காரர் கூப்பிட்டார். “ஏம்மா, திங்கக்கெழம காலையில ஆறு மணியா? நடுச்சாமத்துல எழுந்திரிக்கச் சொல்றீங்களே!”

“ஆமா சார், ஆறுதான். சத்தியமா ஆறுதான்!” என்றார் அக்கா. அவர் திட்டத் திட்ட, இவருக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது.