முகட்டார் பேசாத நாள்கள்

எங்கள் குப்பத்தின் கரையைக் கடல் தின்றுகொண்டிருந்த ஆண்டுகளில், அதைத் தடுப்பதற்காக லாரிகளில் கருங்கல் வந்து இறங்கியது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து எங்கள் பக்கம் திரும்பும் மண்பாதை காலை முதல் மாலை வரை புழுதியாகவே இருந்தது. ஒவ்வொரு கல்லும் படுத்திருக்கும் எருமையின் அளவு. சிலவற்றின் பக்கவாட்டில், வெடி வைப்பதற்காகத் துளைத்த நீண்ட தடம் தெரியும். நான் அப்போது பதினோராம் வகுப்பில் இருந்தேன். தங்கைக்கு எட்டு வயது. எங்கோ ஒரு மலையை உடைத்து எடுத்துவருகிறார்கள் என்று அவளிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்:

"அந்த மலைல இருந்தவங்கள்லாம் இப்ப எங்க கீறாங்க?"

அங்கே யாரும் இருந்திருக்கமாட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்காவும் தங்கையுமாக நாங்கள் இருவரும் அதுவரை மலையைப் பார்த்ததில்லை. எங்களுக்குத் தெரிந்த உயரம் எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையத்தில் குவித்திருக்கும் சாம்பல் மேடுதான். இல்லாத ஒன்றைப் பற்றி யாரும் என்னைத் திருத்த முடியாது என்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. அவர்களுக்கு முகட்டார் என்று பெயர் வைத்தேன். கோடு போடாத ஒரு நோட்டில் அவர்களுடைய வழக்கங்களை, சமூக அறிவியல் பாடநூலின் நடையில், எண்ணிட்டு எழுதத் தொடங்கினேன்.

முகட்டார் தம் வீட்டு வாசலை மேட்டை நோக்கியே வைப்பர். பள்ளம் அவர்களுக்கு முதுகுப்புறம். மணமக்கள் இருவரும் ஓடையிலிருந்து ஒரே கல்லைச் சேர்ந்து சுமந்துவந்து புதுவீட்டுச் சுவரில் பதிப்பர். சண்டை வந்தால் அந்தக் கல்லைப் பெயர்த்தெடுத்து, மறுபடி இருவருமே ஓடைவரை சுமந்துபோய்த் திரும்ப வேண்டும். வழியில் யாரும் உதவக்கூடாது. பிறந்த குழந்தைக்கு முதல் மழை நனையும்வரை பெயரில்லை. இறந்தவரின் போர்வையை ஓராண்டு மடிக்கமாட்டார்கள்.

தங்கை இவற்றை மனப்பாடம் செய்தாள். நான் முன்பின் முரணாக எதையாவது சொன்னால் பக்கத்தைப் புரட்டிக் காட்டுவாள். அம்மாவும் அப்பாவும் சண்டை போட்ட ஒரு நாள், சுவரில் எது அவர்களுடைய கல் என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்.

அப்பாவை நாங்கள் நைனா என்று அழைப்போம். காசிமேட்டிலிருந்து போகும் விசைப்படகு ஒன்றில் அவர் டிரைவர். போனால் ஆறு ஏழு நாள் கடலிலேயே தங்கித் திரும்புவார். அந்த ஐப்பசியில் அவர் புறப்பட்ட மூன்றாம் நாள் மாலை, தங்கை முகட்டாரின் உப்பைப் பற்றிக் கேட்டாள். மலையில் உப்புக் கிடையாதே, எங்கிருந்து வரும்? வீட்டுக்கு ஒருவர் சமவெளிக்கு இறங்கிப்போய் வாங்கிவருவார் என்றேன்.

"இறங்கிப் போனவங்க வழி தெரியாம பூட்டா?"

அதற்குத்தான் அந்த விதியை எழுதினேன். ஒருவர் இறங்கிப்போனால் அவர் திரும்பும்வரை வீட்டார் யாரும் வாய் திறந்து பேசார். மலை அவருடைய காலடி ஓசையைக் கேட்டுக்கொண்டே இருக்கும். வீட்டார் குரல் எழுந்தால் அந்த ஓசை அமுங்கிப்போகும். ஓசை அமுங்கினால் மலை அவரை மறந்துவிடும்.

நன்றாக அமைந்துவிட்டது என்ற திருப்தியுடன் நோட்டை மூடினேன். அப்பா கடலில் இருக்கிறார் என்பது எழுதும்போது என் நினைவில் இல்லை. இதை இப்போதும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடிகிறது. அதனால் எந்தப் பயனும் இல்லை.

மறுநாள் புயல் எச்சரிக்கை வந்தது. அதற்கடுத்த நாள் மற்றப் படகுகள் ஒவ்வொன்றாகக் காசிமேட்டுக்குத் திரும்பின. அப்பாவின் படகு வரவில்லை. வயர்லெஸ்ஸில் பதில் இல்லை. எச்சரிக்கை வந்த அன்று காலையிலிருந்தே தங்கை பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

முதல் இரண்டு நாள் யாரும் கவனிக்கவில்லை. வீட்டில் அழுகையும் வருவோர் போவோரும். மூன்றாம் நாள் அம்மா சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"இன்னாடி ஆச்சி உனுக்கு? வாயத் தொறந்து சொல்லு. பயமா கீதா?"

தங்கை தலையசைத்தாள். ஆம் என்றும் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம்.

பக்கத்து வீட்டு அக்கா நிலைப்படியில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னாள். "காத்து கருப்பு அண்டிகிச்சிக்கா. உச்சி நேரத்துல அந்தக் கல்லு மேலயே குந்திகினு இருந்தா இன்னா ஆவும்? மந்திரிச்சிகினு வந்துடு."

மந்திரித்தார்கள். முகத்தில் தண்ணீர் அறைந்தார்கள். கையில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். பள்ளியில் வருகைப் பதிவின்போது அவள் எழுந்து நின்றாள், ஆனால் குரல் கொடுக்கவில்லை. இந்தப் பெண்ணை டாக்டரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள் என்று டீச்சர் திருப்பி அனுப்பிவிட்டார். எட்டாம் நாள் அம்மா அவளை அடித்தாள். தங்கை இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடி தாங்காமல் ஏதாவது சத்தம் வந்துவிடப்போகிறது என்பதற்காகத்தான் பொத்திக்கொண்டாள் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும்.

நான் சொல்லவில்லை. அம்மாவின் கை என் பக்கம் திரும்பும் என்ற பயம் ஒரு காரணம். மற்றொன்றை எழுதக் கூசுகிறது. நான் சொல்லி, அவள் பேசி, அதன்பின் அப்பா வராமலே போய்விட்டால்?

அன்று மாலை நோட்டைத் திறந்து புதிய விதி ஒன்றைச் சேர்த்தேன். ஏழு நாள் கழிந்தால், வீட்டில் ஆக இளையவர் பேசலாம். அவர் குரல் காலடி ஓசையை அமுக்காது. தங்கையிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தாள். பென்சிலை வாங்கி அதன் கீழே எழுதினாள்: "இது நீ இப்ப எழுதினது. முன்னாடி இல்லை." பிறகு இன்னொரு வரி: "நைனா போனப்புறம் மூணு நாள் நான் பேசிட்டேன். அதனாலதான்."

முன்னால் எழுதியதையும் நான்தான் எழுதினேன் என்று சொன்னேன். எல்லாமே பொய், முகட்டார் என்று யாரும் இல்லை என்றேன். அவள் என் வாயைப் பொத்தினாள். அந்தச் சிறிய கையில் இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

தங்கை பேச்சை நிறுத்திய பதினோராம் நாள் காலை அப்பா வந்துவிட்டார். எஞ்சின் பழுதாகி, வடக்கே இழுபட்டு, நெல்லூர்ப் பக்கத்துப் படகுக்காரர்கள் கட்டி இழுத்துக் கரை சேர்த்திருக்கிறார்கள். பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். உதடெல்லாம் வெடித்திருந்தது. குப்பமே வாசலில் நின்றது. தங்கை கூட்டத்துக்குள் நுழைந்து அவருடைய கைலியைப் பிடித்துக்கொண்டு, கரகரத்த குரலில் கேட்டாள்:

"நைனா, சோறு துன்னியா?"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டு அக்கா, மந்திரித்த கயிற்றின் மகிமையை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கை அதைக் கேட்டுக் கோபப்பட்டாள்.

"கவுறு ஒண்ணும் இல்ல! நான் பேசாம இருந்தேன், அதான் நைனா வந்துச்சி."

கூட்டம் கலைந்தபிறகு அம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டைக் கொடுத்தேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்த விதியை என்னையே படிக்கச் சொன்னாள். படித்தேன். அடி விழும் என்று நின்றுகொண்டிருந்தேன். விழவில்லை.

"இன்னொருவாட்டி படி" என்றாள்.

அப்பா சிரித்தார். "எஞ்சினு நின்னதுக்கும் இதுக்கும் இன்னாமே சம்பந்தம்? டைனமோ பூட்ச்சி, அவ்ளோதான்."

"நீ கம்னு இரு" என்றாள் அம்மா.

படகு சரியாகி, இரண்டு வாரம் கழித்து அவர் மறுபடி புறப்பட்டார். தெருமுனைவரை போய் வழியனுப்பிவிட்டு வந்த அம்மா, அன்று பகல் முழுவதும் பேசவில்லை. தங்கை வாயை மூடிக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும்; அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தேன். மறுநாள் காலை மார்க்கெட்டுக்கு மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு அவளுடன் போனேன். குரலை வைத்துப் பிழைப்பவள் என் அம்மா. அவள் கூவுவது பாலத்துக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்று சொல்வார்கள். அன்று சங்கரா மீனைப் பரப்பிவைத்துவிட்டு, வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விலை கேட்டவர்களுக்கு விரல்களைக் காட்டினாள்.

"இன்னாமே, வாய்ல கொழுக்கட்ட வச்சிகினு கீறியா?" என்றாள் எதிரில் இறால் விற்பவள். "கூவுனாதான மீனு போவும்! ஊமச்சி கைல எவன் வாங்குவான்?"

சுற்றிலும் சிரித்தார்கள். அம்மா கழுத்து சிவக்கக் குனிந்து மீன்மேல் தண்ணீர் தெளித்தாள். பாதிக்கூடை மீன் அப்படியே வீட்டுக்குத் திரும்பியது.

வீட்டுக்கு வந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. "அம்மா, அது நான் எழுதினது. எனக்கு மலையே தெரியாது. சும்மா கதை. இப்படி மார்க்கெட்ல அசிங்கப்பட வேணாம்மா" என்றேன். இன்னும் நிறையச் சொன்னேன்; அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசியது என் வாழ்க்கையில் அதுவரை இல்லை. அம்மா பதில் சொல்லவில்லை. கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த தங்கை, துணியைக் கீழே விட்டுவிட்டு என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஓடும் பஸ்ஸிலிருந்து யாரோ கீழே விழுவதைப் பார்ப்பவளின் முகம் அது.

நான் நிறுத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான்கு நாள்கள் எங்கள் வீட்டில் பாத்திரங்களின் சத்தமும் கடலின் சத்தமும் மட்டுமே இருந்தன. மூன்று பெண்கள் ஒரே அறையில் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு நடமாடினோம். நம்பி நான் பேசாமல் இருந்தேனா, அவர்களுக்காக இருந்தேனா என்று பிரித்துப் பார்க்க முயன்றேன், முடியவில்லை.

ஐந்தாம் நாள் அப்பா வந்தார். நல்ல பாடு, வலை நிறைய மீன்; முகமெல்லாம் சிரிப்பு. அவர் கையிலிருந்த பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, அம்மா நேராக என்னிடம் வந்தாள். ஆறு நாளாகப் பயன்படாத குரலைச் செருமிச் சரிசெய்துகொண்டாள்.

"நடுவுல நீ ஒருவாட்டி பேசிட்ட" என்றாள். "ஏதோ ஆண்டவன் புண்ணியம், ஒண்ணும் ஆவல. இனிமே அப்டி பண்ணாத."

சரி என்று தலையசைத்தேன்.