மண்டைக்கும் விளக்கெண்ணெய்

"நாக்கை நீட்டு" என்கிறார் செல்வரத்தினம். வந்தவருக்குக் கால் முறிந்திருந்தாலும் முதலில் நாக்குத்தான். நாக்கைப் பார்த்தபடியே அவருடைய வலது கை பின்னால் போய், அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கும் பெரிய போத்தலைப் பிடித்துவிடும். அதில் விளக்கெண்ணெய். ஆளுக்கு ஒரு குவளை. மூக்கைப் பிடித்துக்கொள்வது அவரவர் பொறுப்பு.

இலங்கை மலைநாட்டில் டயகமவுக்கு மேலே, பகலிலும் பனி மூடும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பன்னிரண்டு வருஷமாக இவர்தான் மருந்து ஐயா. ஊர் யாழ்ப்பாணம். மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகிறது. வெள்ளைக்காரத் துரையும் இன்னும் போகவில்லை, விளக்கெண்ணெயும் போகவில்லை.

மனித உடம்பில் வயிறு ஒன்றுக்குத்தான் நோய் வரும் என்பது அவர் கட்சி. கழுத்துக்கு மேலே வருவதெல்லாம் கள்ளம், இல்லாவிட்டால் புழு. நாகலெட்சுமிக்கு மாதம் இரண்டு முறை பாதித் தலை பிளக்கும், வெளிச்சம் பட்டால் வாந்தி வரும். புழு. மாயாண்டிக்கு ஒரு காலையில் வாய் கோணி, இடது கை தொங்கிப்போனது. பனிக்காற்று, கூடவே புழு. சோலைமலை மண் கொத்தும்போது திடீரென்று நின்றுவிடுவான். கண் ஒரே இடத்தில் குத்திட்டிருக்கும், விரல் சட்டைப் பொத்தானைத் திருகும். இரண்டு நிமிஷம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் கொத்துவான். சுத்தமான புழு. தொழிலாளர் குடியிருக்கும் எந்த லயத்துக்குப் போனாலும் நாலு கதவுக்கு ஒரு தலை இப்படி இருக்கிறது. ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை கொழும்பிலிருந்து வரும் படிவத்தில், மூளை வியாதிக்காரர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு எதிரே, முத்தான கையெழுத்தில் ஒரு சைபர் போடுவார். எண்ணூறு பேரில் ஒரு மண்டைகூடப் பழுதில்லை என்று துரைக்கு ஏகத் திருப்தி.

"மூளை வருத்தம் வாறதுக்கு முதல் மூளையைப் பாவிக்க வேணும்" என்று கிளாக்கரிடம் சொல்லிச் சிரிப்பார். "இதுகள் எங்க பாவிக்குதுகள்?" அவர் ஊரில் வருத்தம் என்றால் நோய், பாவிப்பது என்றால் உபயோகிப்பது. கேட்கிறவர்களுக்கு வயிறு எரியும். அதற்கும் அவரிடம் எண்ணெய்தான் உண்டு.

அவருடைய ஒரே கவலை சுவர் மணிக்கூடு. நாலைந்து மாதமாக அது அவரை ஏமாற்றுகிறது. ஒன்பது பத்து என்று பார்த்துவிட்டு மருந்து ஊற்றத் தொடங்கி, அடுத்த கணம் நிமிர்ந்தால் ஒன்பது பன்னிரண்டு. பழுதுபார்க்க இரண்டு முறை அட்டன் டவுனுக்கு அனுப்பியாயிற்று. மணிக்கூட்டில் ஒரு குறையும் இல்லை என்று கடைக்காரர் சத்தியம் செய்கிறார். அட்டனில் நேர்மையான மனிதரே இல்லை என்று இவர் முடிவு கட்டிவிட்டார். வரிசையில் நிற்கும் சனம் அந்த இரண்டு நிமிஷமும் பேசாமல் காத்திருக்கும். ஐயாவிடம் போய் யார் சொல்வது?

போன வெள்ளிக்கிழமை வீரய்யாவை அவன் மனைவி பூரணி கைபிடித்துக் கூட்டிவந்தாள். ஆடிக் காற்றில் நிழல் மரத்தின் கிளை தலையில் விழுந்து தையல் போட்ட ஆள். காயம் ஆறிவிட்டது, ஆள் இன்னும் பழைய ஆளாகவில்லை. மூன்று வாரமாக வேலைக்கு வராதவனின் பேரைத் தோட்டப் பதிவிலிருந்து வெட்டுவதா என்று துரை கேட்டிருந்தார். பேர் வெட்டினால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும், பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். எல்லாம் ஐயா எழுதித் தரும் ஒரு துண்டுக் காகிதத்தில் இருந்தது.

"மலைக்குப் போனா திரும்பி வர வழி தெரியலைங்கையா. எம்பேரக் கேட்டா முழிக்கிறாக" என்றாள் பூரணி.

"பெண்சாதியின்ர பேரை மறக்கிறது வருத்தமில்லை, விருப்பம்" என்றார் ஐயா. 'நோய் ஒன்றுமில்லை, கள்ளம்' என்று துண்டில் எழுதினார். கையெழுத்துப் போடுமுன், வந்தவனைச் சும்மா அனுப்பக் கூடாதே என்று போத்தலைக் குவளையில் சரித்தார்.

சரித்த போத்தல் நிமிரவில்லை. குவளை நிரம்பி வழிந்து, எண்ணெய் துண்டின் மேல் ஓடித் தரையில் சொட்டியது. ஐயாவின் கண் சுவரில் குத்திட்டிருந்தது. இடது கை சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. பெண்டாட்டி பேர் தெரியாத வீரய்யா எழுந்து, போத்தலை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கி, மூடி மேசையில் வைத்தான்.

சுயநினைவு வந்ததும் ஐயா வழக்கம்போல மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்டார்.

"ஒன்னுமில்லைங்கையா" என்றாள் பூரணி, முந்தானையால் மேசையைத் துடைத்தபடி. "ஒங்களுக்கு எப்பவும் வர்றதுதானுங்களே. நம்ம சோலமலைக்கு வருதே, அதேதான்."

ஐயா மறுபடியும் மணிக்கூட்டை அண்ணாந்து பார்த்தார். எண்ணெயில் ஊறிய துண்டைக் கிழித்துப் போட்டார். இன்னொன்றை எடுத்து, 'தலையில் அடிபட்டு மூளைக்குப் பாதிப்பு. பேர் வெட்டக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பூரணியிடம் நீட்டினார். பன்னிரண்டு வருஷத்தில் அப்படி எழுதியது அதுதான் முதல் தடவை.

வீரய்யாவுக்கு எது மறந்தாலும் ஒன்று மறக்கவில்லை. துண்டு தந்தால் அடுத்தது எண்ணெய். கண்ணை மூடி, மூக்கைப் பிடித்து, வாயைத் திறந்து காத்திருந்தான். வரவேண்டியது வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், ஐயா சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, தன் மூக்கைத் தானே பிடித்துக்கொண்டு, அந்தக் குவளையை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார்.