சிகாகோவைக் கொளுத்தியவன்

எங்கள் வீட்டுக் கொலுவில் தீ வைத்தவன் நான். பழியை அக்காவின் மேல் போட்டேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் அதை அப்படியே விட்டுவைத்தேன்.

மைசூரில் தசரா வந்தால் வீட்டுக்கு வீடு கொலுவின் முன்னால் சாமுண்டி மலையும் அரண்மனையும் எழும்பும். அந்த வருஷம், காலேஜில் சேர்ந்து சில மாதமே ஆகியிருந்த அக்கா, சிகாகோ நகரத்தைக் கட்டினாள். அப்பா ரயில்வே நூலகத்திலிருந்து கொண்டுவந்த தடித்த புத்தகம்தான் ஆதாரம். ஓர் ஓரத்தில் ஏரிக்கரைச் சதுப்பும் சின்னக் கோட்டையும். நடுவில் காலித் தீப்பெட்டிகளால் மர வீடுகள். மறு ஓரத்தில், எல்லாம் எரிந்தபின் எழும்பிய உயரக் கட்டடங்கள். வெற்றிலை பாக்கு வாங்க வந்த பெண்களுக்குக் கதை சொல்வாள்: நகரம் இரண்டு நாள் எரிந்ததாம், ஒரு பால்காரம்மாளின் மாடு விளக்கை உதைத்ததுதான் காரணமென்று ஊரே பேசியதாம்.

"ஏனம்மா, சாமுண்டித் தாயியை விட்டுட்டு அமெரிக்காவுக்கே போயிட்டியா?" என்றாள் எதிர்வீட்டு அம்மாள்.

"அவங்களும் வரட்டும்மா, இடம் இருக்கு."

கூடமே சிரித்தது. ஒன்பது வயதுக்காரனான என்னை யாரும் பார்க்கவில்லை.

எல்லோரும் வழியனுப்ப வாசலுக்குப் போனார்கள். எரிகிற நகரத்தைக் காட்டினால் என் பக்கம் திரும்புவார்கள் என்று தோன்றியது. ஒரே ஒரு வீட்டைக் கொளுத்தி அணைத்துவிடுவதாகத் திட்டம். தீப்பெட்டிகள் என் திட்டத்தை மதிக்கவில்லை. படிகளில் விரித்த வேட்டி பற்றிக்கொண்டது. அம்மா சீராகக் கொண்டுவந்த ராஜா ராணி பொம்மைகள் கருகின.

"அக்கா விளக்கைக் கிட்ட வெச்சுட்டா" என்றேன் அப்பாவிடம். விளக்கேற்றுவது அவள் பொறுப்பு. அவள் மறுக்கவில்லை, நாமேதான் வைத்துவிட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம்.

"கொலு எரிஞ்சா குடும்பத்துக்கு ஆகாது. ஒரு விளக்கைப் பார்த்துக்கத் தெரியாதவளுக்குச் சிகாகோ எதுக்கு?" என்றார் அப்பா. காலேஜ் நின்றது. தை மாதம் நஞ்சன்கூட்டில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். நான் பாயசம் இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்தேன்.

ஓய்வுபெற்றபின், தொண்ணூற்றேழில், பத்திரிகையில் ஒரு சிறு செய்தி படித்தேன். அந்தப் பால்காரம்மாள் மேல் குற்றமில்லை என்று சிகாகோ நகரசபை தீர்மானம் போட்டிருந்தது. அவள் இறந்து நூறு வருஷம் ஆகியிருந்தது. என் அக்கா உயிரோடு இருந்தாள். அன்றைக்கே நஞ்சன்கூடு பஸ் ஏறினேன்.

அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கை சற்று நின்றது, மறுபடி ஆய்ந்தாள்.

"எல்லாரையும் கூப்பிடுக்கா. பிள்ளைங்க முன்னாலயும் சொல்லிடறேன்."

"வேண்டாம்டா. படிப்பை நானேதான் வேண்டாம்னு விட்டேன்னு அவங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அம்மாவுக்கு அப்பவே கல்யாண அவசரம்னு என்னைக் கேலி பண்ணுவாங்க. எனக்கும் பழகிப்போச்சு. அதை எடுத்துட்டு நீ எதைக் கொடுப்பே?"

என் பொய் அப்பாவிடம் சொன்னதோடு முடிந்துவிட்டதென்று ஒன்பது வயதில் நினைத்தேன். அதற்கு ஏற்றாற்போல அவளும் காலமெல்லாம் ஒரு பொய் சொல்லவேண்டியிருக்கும் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது.

உள்ளறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பேத்தி குரல் கொடுத்தாள்: "பாட்டி, மைசூர்த் தாத்தா ஏன் அழறாரு?"

"ஒண்ணுமில்லை" என்றாள் அக்கா. "நீ எழுந்திருக்காதே, படி."