ராக்கெட்ல போன நாயும் ராஜாமணி அக்காவும்

ராஜாமணி அக்கா போயிட்டாங்க. காலைல ஹார்ட் அட்டாக். பழைய யூனிட் குரூப்ல மெசேஜ் பார்த்துட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன்.

அனுப்பர்பாளையம் பனியன் யூனிட்ல என்கூட வேலை பார்த்தவங்களுக்குத் தெரியும்... செக்கிங் டேபிள்ல முதல் ஆள். பொட்டு ஓட்டை இருந்தாலும் ஸ்டிக்கர் ஒட்டி அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுடுவாங்க. ஆர்டரை நேரத்துக்கு அனுப்பியாகணும்னு மெர்ச்சண்டைசர் நான் கெஞ்சினாலும் "போ கண்ணு, இது பாஸ் ஆவாது." அவ்வளவுதான்.

ஒரு தடவை கிட்ஸ் டி-ஷர்ட் ஆர்டர். நெஞ்சுல ராக்கெட் பிரிண்ட், அதோட ஜன்னல்ல சிரிக்கற நாய்.

"இது யாரூட்டு நாய் கண்ணு?"ன்னு டீ டைம்ல கேட்டாங்க.

லைக்கா கதையைச் சொன்னேன். மாஸ்கோ தெருவுல புடிச்ச நாய், ரஷ்யாக்காரங்க விண்வெளிக்கு அனுப்புனாங்க, திரும்பி வர்ற மாதிரி அந்த ராக்கெட்டைச் செய்யவே இல்லன்னு. அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு டாக்டர் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் பிள்ளைங்களோட விளையாட விட்டாராம்னும் சொன்னேன்.

அக்கா டீயைக் கீழ வச்சுட்டாங்க. "ஊடு வரைக்கும் கூட்டிட்டுப் போனவரு, அங்கயே உட்டிருக்கலாமில்ல?"



அதே ஆர்டருக்கு ஃபைனல் இன்ஸ்பெக்ஷன். துணி வாங்கற பையரோட ஆள் வரும்போது காம்பவுண்டுல நாய் இருக்கக் கூடாதுன்னு ஓனர் சொல்லிட்டார்.

யூனிட்லயே வளர்ந்த எங்க செவலை நாயைப் புடிச்சு, வாயை பனியன் வேஸ்ட் துணியால கட்டி, டெம்போல ஏத்திட்டாங்க. வெள்ளகோவில் தாண்டி ரோட்டுல விட்டுடணுமாம். அதுக்கு வயித்துல குட்டி வேற...

அக்கா ஓடிப் போய் டெம்போ முன்னாடி நின்னுட்டாங்க. "எறக்குங்க."

ஓனர் கத்தறார். பையர் கார் தெருமுனைக்கு வந்துடுச்சுன்னு செக்யூரிட்டி ஓடி வர்றார்.

"வேலை வேணுமா, நாய் வேணுமா?"னார் ஓனர்.

அக்காவோடது வீட்டுக்காரர் இல்லாத குடும்பம். அந்தச் சம்பளத்துலதான் ரெண்டு பொண்ணுங்களும் படிச்சுட்டு இருந்தாங்க.

அக்கா ஐடி கார்டைக் கழட்டி பானட் மேல வச்சாங்க. பின்னாடி ஏறி, செவலை பக்கத்துல உட்கார்ந்து, வாய்க்கட்டை அவிழ்த்தாங்க.

"பொங்கலூருக்கு உடுங்க தம்பி. எங்கூட்டுக்கு."

எங்ககிட்ட போயிட்டு வர்றேன்னுகூடச் சொல்லல.

கொஞ்ச நாள் அலைஞ்சு வேற யூனிட்ல சேர்ந்தாங்க. ஒரு நாள் வாட்ஸ்அப்ல குட்டிங்க போட்டோ மட்டும் வந்துச்சு.

இன்னைக்கு மதியம் பொங்கலூர்ல அக்கா வீட்டுக்குப் போனேன். பழைய யூனிட் ஓனர் மாலையோட வாசல்ல நிக்கறார். செவலை உள்ள விடல... பல்லைக் காட்டிட்டுக் குறுக்க நிக்குது. யார் அதட்டியும் நகரல.

பெரிய பொண்ணு எழுந்து வந்துச்சு. நாயைப் புடிச்சுக்கும்னு நினைச்சேன்.

"மாலையை எங்கிட்ட குடுங்க சார். நாங்களே போட்டுக்கறோமுங்க."

ஓனர் குடுத்துட்டு வெளியவே நின்னார்.

கும்பிட்டுக்கறேன் அக்கா...