ஜீப்பின் பின் சீட்டுக்கு ஏன் பெல்ட் இல்லை?

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மழை விட்டிருந்த ஒரு காலையில் ராசிபுரம் பக்கத்தில் உள்ள எங்கள் கோழிப்பண்ணையிலிருந்து சேலத்துக்குக் கிளம்பினோம். என் கணவரின் தங்கை ஏழு மாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அங்கே ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு மருத்துவமனையில் அவளுக்கு ஸ்கேன்.

எங்களிடம் இருந்தது ஒரு பழைய ஜீப். கல்லூரி நாளிலிருந்தே ஆசைப்பட்டு, தேடித் தேடி வாங்கியது என் கணவர்தான். முன்னால் இரண்டு சீட்டுக்கு மட்டும் பெல்ட் உண்டு. பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு நீள சீட்டு. உட்கார்ந்தால் ஆளுக்கு ஆள் முகம் பார்த்துக்கொண்டு போகலாம். அங்கே பெல்ட் கிடையாது.

நாத்தனாரை முன்னால் உட்காரச் சொன்னோம். அவள் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கிவிட்டாள்.

"பெல்ட்டு வவுத்தை அமுக்குதுங்க அண்ணி. நானு பின்னாலயே வாரேன்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. துணைக்கு நானும் பின்னாலேயே, அதே நீள சீட்டில் டிரைவர் பக்கமாக அவளை ஒட்டி உட்கார்ந்தேன்.

மல்லூர் தாண்டியதும் எங்களுக்கு முன்னால் போன, ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் லாரி சட்டென்று நின்றது. என் கணவர் பிரேக்கை மிதித்தார். வேகம் ஒன்றும் அதிகமில்லை. ஆனால் நாங்கள் இருவரும் சீட்டின் மேலேயே வழுக்கிக்கொண்டு முன்னால் போனோம். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த இரும்புக் கம்பியில் என் தோள் மோதியது. நாத்தனார் மொத்தமாக என் மேல் வந்து சாய்ந்தாள். நான் நடுவில் இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கம்பியில் அவள் வயிறுதான் மோதியிருக்கும்.

லாரிக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடைவெளிதான் இருந்தது. என் கணவர் திரும்பிப் பார்த்து, "அம்மிணி, ஒண்ணும் இல்லியே?" என்றார். அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, குழந்தை அசைகிறதா என்று கவனித்துக்கொண்டே வந்தாள்.

ஸ்கேன் அறையில் குழந்தையின் இதயத்துடிப்பு கேட்டபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. பிறகுதான் என் தோள் வலியே தெரிந்தது. நடந்ததைக் கேட்ட டாக்டரம்மா அவளிடம், பெல்ட்டைக் கழற்றாதே, கட்டுகிற விதத்தை மாற்று என்றார். கீழ்ப் பட்டை வயிற்றுக்கு அடியில் இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். மேல் பட்டை மார்புக்கு நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். வயிற்றின் குறுக்கே மட்டும் போகவே கூடாது. திரும்பும்போது அப்படிக் கட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். அமுக்கவில்லை என்றாள்.

பைபாஸில் வண்டிச் சோதனை நடந்துகொண்டிருந்தது. பின்னால் பெல்ட் இல்லாமல் நான் உட்கார்ந்திருந்ததால் அபராதம்தான் என்று நினைத்தோம். எட்டிப் பார்த்த பெண் போலீஸ், முன்பக்கம் பார்த்தபடி இருக்கும் சீட்டில் உட்காருபவர்களுக்குத்தான் பின்னாலும் பெல்ட் கட்டாயம், இது பக்கவாட்டு சீட், நீங்கள் போகலாம் என்றார். என் கணவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கோ தோள் வலித்தது.

"அது ஏனுங்க மேடம்? பக்கவாட்டுல உக்காந்தா விழுக மாட்டமுங்களா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "நாங்களே இந்த மாதிரி வண்டியிலதாங்க டியூட்டிக்குப் போறோம். நான் இதை யோசிச்சதே இல்ல," என்று சிரித்துவிட்டு, அடுத்த வண்டியை நிறுத்தப் போய்விட்டார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. என் கணவருக்கும் உள்ளூர உறுத்தல் இருந்திருக்க வேண்டும். அந்த வாரமே ஏதோ ஒரு காரில் கழற்றிய இடுப்பு பெல்ட்டுகளை வாங்கி வந்து பின் சீட்டில் போல்ட் போட்டு முடுக்கினார்.

"இடுப்புல கட்டிப்போட்டா ஆளு எங்க போயிரும்?" என்றார்.

"கட்டிப் பாத்துருவமுங்க," என்றேன் நான்.

கோழித் தீவன மூட்டை ஒன்றை, ஆள் உட்கார்ந்த உயரத்துக்கு நிரப்பிக் கட்டினோம். பின் சீட்டில் நிறுத்தி, இடுப்பு மாதிரி இருந்த இடத்தில் பெல்ட்டை மாட்டினோம். நாத்தனார் வாசலில் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தாள். நான் ஓரமாக நின்றேன். காலி நிலத்தில் கொஞ்சம் வேகம் எடுத்து என் கணவர் பிரேக் போட்டார். மூட்டையின் அடிப்பாகம் பெல்ட்டோடு அங்கேயே நின்றது. மேல்பாகம் பக்கவாட்டில் ஒடிந்து அந்தக் கம்பியில் போய் இடித்தது. பெல்ட் அழுத்திய இடத்தில் சாக்கு கிழிந்து தீவனம் கொட்டியது.

வேறொரு மூட்டையை முன் சீட்டில் வைத்து, தோளும் இடுப்பும் சேர்த்துப் பிடிக்கிற பெல்ட்டைப் போட்டு அதே மாதிரி ஓட்டினோம். அது முன்னால் குனிந்தது. பட்டை இழுத்துப் பிடித்தது. திரும்பச் சாய்ந்து உட்கார்ந்தது.

பிரேக் போட்டால், வண்டி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் நம் உடம்பும் பாய்கிறது. அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தவரைத்தான் பெல்ட்டால் சரியாகப் பிடிக்க முடியும் போலிருக்கிறது. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அங்கே பெல்ட் கட்டாயமில்லை என்றால், அங்கே ஆபத்து இல்லை என்று அர்த்தமே இல்லை.

என் கணவர் பின்னால் ஏறி, கொட்டிய தீவனத்தைக் கையால் அள்ளினார். "அம்மிணியா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், கிழிந்த சாக்கைக் கீழே இறக்கி வைத்தார். பிறகு, "இனி இதுல பின்னால மனுசங்க வேண்டாம்" என்றார். அவர் அவ்வளவு ஆசையாக வாங்கிய வண்டி அது. எனக்கே பாவமாக இருந்தது.

பிரசவத்துக்கு வாடகைக் காரில்தான் போனோம். பெண் குழந்தை. சுகப் பிரசவம்.

அதற்குப் பிறகு, "இதுக்கெல்லாம் ரூல் கிடையாது" என்று யாராவது நிம்மதியாகச் சொன்னால் என்னால் நிம்மதியாக இருக்க முடிவதில்லை. ஏன் கிடையாது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் வண்டியில் ஏறுகிறேன்.